சம்பந்தி கொண்டுவந்த பாட்டில்

ஜனவரி 3, புதன்

கம்பெனியில் புது வருஷ டைரி கொடுத்தார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பழமொழி அச்சடித்திருக்கிறது. இன்றைக்கு 'பொறுத்தார் பூமி ஆள்வார்.' நானும் ஐம்பத்தாறு வயது வரை பொறுத்துப் பார்த்துவிட்டேன். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வாடகைக்கு இரண்டு அறை கிடைத்திருக்கிறது.

வழக்கமாக இதில் ஊதுபத்தி லாட் நம்பரும் வாசனைக் குறிப்பும் மட்டும்தான் எழுதுவேன். பதினான்கு வருஷமாக மூக்கை வைத்துச் சம்பாதிக்கிறவள் நான். பெட்டிக்குள் போகும் முன் ஒவ்வொரு லாட்டையும் முகர்ந்து, 'சரி' அல்லது 'திருப்பி அனுப்பு' என்று சொல்வது என் வேலை. இந்த வருஷம் யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. நான் ஒயின் தேர்ந்தெடுக்கப் போகிறேன்.

சாயங்காலம் மகள் மதிவதனி பிரான்சிலிருந்து வீடியோவில் வந்தாள். பர்கண்டிப் பக்கம் திஜோன் என்ற ஊரில் வேலை பார்க்கிறாள். பக்கத்தில் மாப்பிள்ளை ரெமி, அவனுடைய அப்பா ஜெரார், அம்மா மோனிக். ஜெரார் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நிரூபிக்காமல் விடமாட்டார். பத்து நிமிஷம் பேசினார். மதி அதை மூன்று வரியில் சொன்னாள்.

"அம்மா, இவங்க குடும்பத்துல கல்யாண விருந்துக்கான ஒயினைப் பொண்ணோட அப்பாதான் தேர்ந்தெடுக்கணுமாம். முதல் பாட்டிலையும் அவர்தான் திறக்கணுமாம். அப்பா இல்லாததால அந்த மரியாதைய உனக்குக் குடுக்கறாங்க."

எங்கள் வீட்டிலும் பாட்டிலைப் பெண்ணின் அப்பாதான் திறப்பார். இந்த ஒரு விஷயத்தில் பர்கண்டிக்கும் எங்கள் காரைக்காலுக்கும் வித்தியாசமே இல்லை. அதைச் சொல்லவில்லை. "மெர்சி" என்று நன்றி சொன்னேன். நால்வரும் கை தட்டினார்கள்.

ஜனவரி 6, சனி

ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை. அங்கிருந்து நேராக ஒயின் கடை. தையல்நாயகி என்று பெயர் வைத்துக்கொண்டு, நெற்றியில் விபூதியோடு, கையில் காலி ரேஷன் பையோடு உள்ளே போனால் யாராக இருந்தாலும் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்தார்கள்.

கடைக்காரர் சவரிராயன் பிரெஞ்சு ராணுவத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிய புதுச்சேரிக்காரர். என்னை 'மதாம்' என்கிறார்.

"என்ன திராட்சைல போட்டதுன்னு பாட்டில்ல எழுதியிருக்குமா?" என்று கேட்டேன்.

"பெரும்பாலும் எழுத மாட்டான் மதாம். ஊரு பேருதான் எழுதுவான். ஊரச் சொன்னா திராட்சை என்னன்னு தெரிஞ்சிக்கணும். ஷாப்ளின்னா ஷார்தொனே. சான்செர் வெள்ளைன்னா சோவிஞோன். பர்கண்டி சிவப்புன்னா பினோ நுவார். போர்தோன்னா கபெர்னேவும் மெர்லோவும் கலந்திருக்கும்."

"நேரா கேட்டா என்ன?"

"கேட்டா அநாகரிகம் மதாம்."

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் பெண் பார்க்க வருகிறவர்கள் நேராக ஜாதி கேட்கமாட்டார்கள். "எந்த ஊரு? அங்க எந்தத் தெரு?" என்பார்கள். தெருவின் பெயர் வந்ததும் முகம் மலரும், அல்லது காப்பி வேண்டாம் என்பார்கள். இதற்காகப் பிரான்ஸ் வரை போய்ப் படிக்க வேண்டியதில்லை.

"அல்சாஸ்ல மட்டும் திராட்சை பேர நேராவே எழுதுவான்" என்றார் சவரிராயன். சீர்திருத்தக்காரர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள் போல.

கடையில் திறந்து ருசி காட்ட அனுமதி இல்லையாம். நாளைக்கு வீட்டுக்கு வரச் சொன்னார். "ஃபிலோமினா இருப்பா" என்று மனைவி பெயரை இரண்டு தடவை சொன்னார். நல்ல மனிதர்.

ஜனவரி 7, ஞாயிறு

சவரிராயன் வீட்டில் மேஜை மேல் நாலு வெள்ளை ஒயின். துப்புவதற்கு ஒரு எவர்சில்வர் சொம்பு. அவர் மனைவி ஃபிலோமினா எனக்குத் துணையாக வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்தார். வெங்காயத்தை அடுப்படிக்கு எடுத்துப் போகச் சொன்னேன். வாசனை பார்க்கும் இடத்தில் வெங்காயம் என்றால் எங்கள் கம்பெனியில் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

முதலாவது லுவார் ஆற்றுப் பக்கத்துச் சோவிஞோன். முகர்ந்தேன்.

"பூனை மூத்திரம்" என்றேன்.

சவரிராயன் எழுந்து நின்றுவிட்டார். "மதாம், புஸ்தகத்துலயே அப்படித்தான் போட்டிருக்கு!"

உலகத்தில் பெரிய மனிதர்கள் காசு கொடுத்துப் பூனை மூத்திரம் குடிக்கிறார்கள், அதற்குப் புத்தகமும் போட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது அல்சாஸ் ரீஸ்லிங். மண்ணெண்ணெய். அதுவும் புத்தகத்தில் இருக்கிறதாம். நல்ல குடும்பத்து ரீஸ்லிங் வயதானால் மண்ணெண்ணெய் வாசனை வருமாம். எங்கள் தெருவில் எல்லாக் குடும்பத்திலும் ஒரு காலத்தில் வந்தது, யாரும் பெருமைப்படவில்லை. மூன்றாவது ஷார்தொனே. வெண்ணெய், புது மரம். எந்தக் கம்பெனியிலும் வேலை கிடைத்துவிடும் பிள்ளை மாதிரி, குறை சொல்ல ஒன்றுமில்லை.

நாலாவதும் அல்சாஸ்தான். பெயரைச் சொல்லவே ஒரு மிடறு வேண்டும்: கெவுர்ஸ்த்ரமினேர். பன்னீர் ரோஜா, லிச்சிப் பழம், கடைசியில் துளி இஞ்சி. எங்கள் கம்பெனியில் நாற்பது வருஷமாக இந்த ரோஜாவைப் பிடிக்கப் பார்க்கிறார்கள், கிடைத்தபாடில்லை. இங்கே ஒரு திராட்சை, ரோஜாச் செடியைக் கண்ணால் பார்க்காமலே அதைச் செய்திருக்கிறது.

நாலையும் துப்பினேன்.

ஜனவரி 9, செவ்வாய்

லாட் 212, மல்லிகை, திருப்பி அனுப்பினேன். சிலிண்டர் வந்தது.

ஜனவரி 14, ஞாயிறு

நாளை பொங்கல். வீட்டை ஒட்டடை அடித்துவிட்டுச் சிவப்பு ஒயின் பார்க்கப் போனேன்.

போர்தோ வாயில் பட்டதும் நாவல்கொட்டையை மென்ற மாதிரி துவர்ப்பு. காரக்குழம்போடு இது சேர்ந்தால் இரண்டும் பங்காளிச் சண்டை போடும். ரோன் பள்ளத்தாக்குச் சிரா: மிளகு, ஆட்டுக்கறி, புகை. ஆம்பளைத்தனம் காட்டும் ஒயின். எனக்கு ஆம்பளைத்தனம் போதும்.

பர்கண்டி பினோ நுவாரைச் சவரிராயன் சந்நிதியைத் திறக்கிற மாதிரி திறந்தார். தோல் மெல்லிசாம், வெயில் ஆகாதாம், மழை ஆகாதாம், மண் கொஞ்சம் மாறினால் முகம் சுளிக்குமாம். ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்த மாப்பிள்ளை. வாசனை அழகாகத்தான் இருந்தது, ஆனால் ரசம் வந்தால் எழுந்து போய்விடும்.

கடைசியாக போஜொலே. திராட்சையின் பெயர் கமே. செர்ரி, கொஞ்சம் வாழைப்பழம், துவர்ப்பு அதிகமில்லை. லேசாகக் குளிர வைத்தால் இங்கே கல்யாணம் நடக்கப்போகும் மாசி வெயிலுக்கும் பருப்பு உருண்டைக்கும் பொருந்தும்.

"இது ஏழை வீட்டுத் திராட்சை மதாம்" என்று சவரிராயன் தயங்கினார். "அறுநூறு வருஷம் முன்னால பர்கண்டிப் பிரபு ஒருத்தர், இது துரோகம் பண்ற செடி, ஊர்ல வச்சிருக்கக் கூடாதுன்னு உத்தரவே போட்டார். உங்க சம்பந்தி வேற பர்கண்டிக்காரர்."

உடனே கமேயை எழுதிக்கொண்டேன்.

ஜனவரி 16, செவ்வாய்

ஒரு திருத்தம். ஏழாம் தேதி நாலாவது ஒயினை நான் துப்பவில்லை.

ஜனவரி 21, ஞாயிறு

மதி வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள். சங்கரா மீன் குழம்பு. சாப்பிட்டுக்கொண்டே பட்டியலைப் பார்த்தாள்.

"பர்கண்டி ஒண்ணுகூட இல்லையேம்மா. மாமா அழுதிடுவார்."

"கணக்கு வாத்தியார்தானே. கழித்தல் தெரிஞ்சிருக்கும்."

சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தட்டைப் பார்த்தாள். "அம்மா, கல்யாணப் பத்திரிகைல அப்பா பேருக்கு முன்னால என்ன போடறதுன்னு மோனிக் கேட்டாங்க. எதுக்குன்னு கேட்டேன். இறந்தவங்களுக்குத் தமிழ்ல என்ன அடைமொழி போடுவீங்கன்னாங்க. அப்பா செத்துட்டாருன்னு அவங்ககிட்ட யாரு சொன்னது?"

போன வருஷம் மோனிக் வீடியோவில் மதியின் அப்பாவைப் பற்றிக் கேட்டபோது மதி சார்ஜர் எடுக்க உள்ளே போயிருந்தாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் "ஃபாதர், நோ மோர்" என்றேன். இப்போது இல்லை என்ற அர்த்தத்தில். மோனிக் நெஞ்சில் கை வைத்துக் கண் கலங்கினார். கலங்குகிறவரைத் தடுப்பது மரியாதை இல்லை.

இலக்கணப் பிழை என்று மதியிடம் சொன்னேன்.

"உனக்கா? இலக்கணப் பிழையா?" என்றாள்.

ஜனவரி 22, திங்கள்

தூங்கவில்லை, ஆகவே முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

மதியின் அப்பா கலியபெருமாள் உயிரோடு காரைக்காலில் இருக்கிறார். மின்துறையில் லைன்மேனாக இருந்தவர். பதினெட்டு வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தினேன். குடித்தனம் என்ற சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ, எங்கள் வீட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

அடித்ததில்லை. அதை எல்லோரும் சான்றிதழ் மாதிரி சொல்வார்கள். மதியின் பத்தாம் வகுப்புப் பரீட்சை, கணக்கு. காலையில் வண்டியில் கூட்டிப் போனார். வழியில் சாராயக்கடை வாசலில் அவளை நிறுத்திவிட்டு "அஞ்சே நிமிஷம்" என்று உள்ளே போனார். அவள் வெயிலில் ஒன்றரை மணி நேரம், கையில் ஹால் டிக்கெட்டோடு நின்றாள். உள்ளே எட்டிப் பார்க்க வெட்கம். அவளை அங்கே கொண்டு விட்டதே அவருக்கு மறந்துவிட்டது. வேறு வாசல் வழியாகப் போய்விட்டார். அந்த வாரமே அவளை அழைத்துக்கொண்டு புதுச்சேரிக்கு வந்துவிட்டேன்.

இன்று காலை மதி சொன்னாள்: "நாலு வருஷமா லீவுக்கு வரும்போதெல்லாம் அப்பாவப் பாத்துட்டுத்தான் போறேன். அவர் குடிய விட்டு ஏழு வருஷம் ஆச்சு."

"பதினெட்டுல ஏழு போச்சுன்னா இன்னும் பதினொண்ணு பாக்கி."

"அம்மா, வெயில்ல நின்னது நான். நீ இல்ல."

தோசைக்கல்லைக் கழுவ எழுந்தேன். ஏற்கனவே கழுவியிருந்தது. மறுபடியும் கழுவினேன்.

"எனக்கு அவர் வரணும்மா. தாலி கட்டும்போது நிக்கணும். அவ்வளவுதான். நீ போய்க் கூப்பிட்டாத்தான் வருவார்."

ஜனவரி 23, செவ்வாய்

லாட் 219, சந்தனம். சரி என்று அனுப்பிவிட்டேன். அது சரியில்லை. திரும்ப வரவழைத்தேன். மேனேஜர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

ஜனவரி 28, ஞாயிறு

காரைக்கால். பஸ்ஸில் நாலு மணி நேரம். மடியில் தாம்பாளம், பத்திரிகை, வெற்றிலை பாக்கு. முன்சீட்டுக்காரர் வாந்தி எடுத்தார். நல்ல சகுனம்.

கலியபெருமாள் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறார், மேலேயே ஒரு அறை. கதவைத் திறந்தவர் "வா தையலு" என்று சொல்லவில்லை. "வாங்க" என்றார். பதினான்கு வருஷத்தில் எனக்கு மரியாதை கூடியிருக்கிறது.

வாசலில் நின்றதும் என் மூக்கு தானாகவே வேலையை ஆரம்பித்தது. ஜெராக்ஸ் மை. சலவை சோப்பு. விபூதி. டீத்தூள். வேறு ஒன்றும் இல்லை. மறுபடி ஒரு முறை இழுத்துப் பார்த்தேன். இல்லை.

கம்பெனியில் சேர்ந்த புதிதில் மேனேஜர் கேட்டார், இந்த மூக்குக்கு எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று. பிறவியிலேயே என்றேன். பொய். கேட் திறக்கும் சத்தத்துக்கும் செருப்பைக் கழற்றும் சத்தத்துக்கும் நடுவில், அவர் குடித்தது எது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத் தகுந்த மாதிரி மதியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பதினெட்டு வருஷம் தினமும் பரீட்சை. நான் ஒருநாளும் தோற்கவில்லை.

டீ போட்டுக் கொடுத்தார். அளவாகத்தான் சர்க்கரை போட்டிருந்தார். நினைவு வைத்திருக்கிறார் என்று எழுதப் போவதில்லை.

"மதி சொன்னா" என்றார். "நான் வரல. தப்பா எடுத்துக்காதீங்க. அங்க பாட்டிலுங்க இருக்கும்."

"பயமா?"

"பயம்தான். ஏழு வருஷம்னு சொல்றாங்க. எனக்கு அது ஏழு வருஷம் இல்ல, இன்னிக்கி ஒரு நாள். நாளைக்கின்னு கேட்டா எனக்கே தெரியாது." கையைப் பார்த்துக்கொண்டார். "ஒரு தடவ அவள நிக்க வச்சிட்டுப் போனவன். கல்யாணத்தன்னிக்கி ஏதாச்சும் ஆச்சுன்னா அப்பறம் நான் இருக்கக் கூடாது."

வரும்போது நன்றாகத் திட்ட வேண்டும் என்று கும்பகோணம் வரைக்கும் போகிற அளவு வசனம் தயார் செய்திருந்தேன். வாயிலிருந்து வந்தது வேறு.

"அவளுக்காக ஒரு நாள் வந்து நில்லுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

திரும்பி வரும் பஸ் முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். நான் பார்த்துக்கொள்கிறேனாம். ஒயினும் நானே வாங்க வேண்டும், காவலும் நானே இருக்க வேண்டும்.

பிப்ரவரி 4, ஞாயிறு

வீடியோவில் சம்பந்திகளிடம் உண்மையைச் சொன்னோம். மதியிடம் தமிழில் தெளிவாகச் சொன்னேன்: "உங்க மாமா அத்தைகிட்ட சொல்லு. அவர் சாகல. குடிச்சார், அதனால பிரிஞ்சோம், இப்ப விட்டுட்டார். யாரும் அவர் கையில கிளாஸ் குடுக்கக் கூடாது."

மதி பிரெஞ்சில் சொன்னது மிகச் சின்னதாக இருந்தது. இவ்வளவையும் நாலு சொல்லில் அடக்க பிரெஞ்சு அவ்வளவு சிக்கனமான மொழி என்று நினைக்கவில்லை. செத்தவர் பிழைத்த சந்தோஷத்தில் மோனிக் அழுதார். ஜெரார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: பட்டியலில் பர்கண்டி ஏன் இல்லை?

அல்சாஸ் ரோஜா, பிறகு ஒரு நாள் சவரிராயன் காட்டிய லுவார் ஷெனின், போஜொலே கமே. இலைச் சாப்பாட்டுக்கு இவைதான் பொருந்தும் என்று சொல்லச் சொன்னேன்.

கமே என்றதும் அறுநூறு வருஷத்துக் கோபம் அவர் முகத்தில் ஏறியது. பிறகு பெருந்தன்மையாகத் தலையசைத்தார். அப்படியானால் பர்கண்டியை அவரே கொண்டுவருவாராம். ரெமி பிறந்த வருஷத்து வோல்நே ஊர்ச் சிவப்பு, ஒரே ஒரு பாட்டில். முப்பத்து மூன்று வருஷமாக நிலவறையில் படுத்திருக்கிறதாம். பெண்ணின் அப்பா உயிரோடு இருப்பதால் அதை அவரே திறக்க வேண்டுமாம்.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஜாக்கெட் தைக்கக் கொடுத்தேன். சமையல்காரர் இலைக்கு இரண்டு ரூபாய் ஏற்றிவிட்டார்.

பிப்ரவரி 16, வெள்ளி

சம்பந்திகள் வந்து இறங்கினார்கள். ஜெரார் விமானத்தில் வந்தது பெட்டிக்கு அல்ல, பாட்டிலுக்குத் துணையாக. ஹோட்டல் அறையில் அதற்கு ஒரு தலையணை. இரண்டு நாள் அசையாமல் படுத்தால்தான் வண்டல் அடங்குமாம். எனக்கு அவர் கை கொடுத்தபோது ஒரு கண் பாட்டில் மேல் இருந்தது.

பிப்ரவரி 18, ஞாயிறு

காலையில் கோயிலில் தாலி கட்டினார்கள். கலியபெருமாள் புது வேட்டியில் மதிக்குப் பின்னால் நின்றார். தாலி ஏறும்போது அவர் தலை குனிந்திருந்தது. மதி திரும்பி அவரைப் பார்த்தாள். அவளுக்கு வேண்டியது கிடைத்தது.

வாடகைக்கு எடுத்த பங்களாத் தோட்டத்தில் விருந்து. முப்பது வெள்ளைக்காரர்கள் வாழை இலை முன்னால் உட்கார்ந்து வத்தக்குழம்பையும் அல்சாஸ் ரோஜாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அப்புறம் சாப்பிட்டார்கள். இரண்டாம் சுற்றில் ஒயினையும் குழம்பையும் மறுபடி கேட்டார்கள். யார் தேர்ந்தெடுத்தது என்று விசாரித்தார்கள். ஜெரார் என்னைக் காட்டி, 'மதாமுடைய மூக்கு' என்று ஒரு பிரசங்கம் செய்தார். கமேயைத் தொடாமல்தான் செய்தார்.

கலியபெருமாளை நான் பந்தியின் கடைசியில், சவரிராயனுக்கும் ஃபிலோமினாவுக்கும் நடுவில் உட்கார வைத்திருந்தேன். முன்னால் மோர்.

ஜெரார் எழுந்தார். பாட்டிலோடு நேராக அவரிடம் போனார். நான் பாயசத்துக்கு உள்ளே போயிருந்தேன். திரும்பி வரும்போது வட்டமாகக் கூட்டம், நடுவில் கலியபெருமாள், கையில் கார்க் இழுக்கும் திருகு. பழைய கார்க் உடையாமல், சத்தம் வராமல் இழுத்தார். பிரெஞ்சுக்காரர்களே பாராட்டினார்கள். இவ்வளவு வருஷப் பயிற்சியை அவர்கள் எங்கே கண்டார்கள்.

ஆறு கிளாஸில் ஊற்றினார்கள். முதல் மிடறு பெண்ணின் அப்பாவுடையது. அதுவரை மற்றவர்கள் முகரலாம், குடிக்கக் கூடாது. முகர்ந்தார்கள். "மாஞிஃபீக்!", பிரமாதம், என்று ஒருவர் சொன்னார், எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். ஜெரார் தன் கையாலேயே ஒரு கிளாஸை எடுத்துக் கலியபெருமாளிடம் நீட்டினார். ஒரே ஒரு துளி என்று விரலால் காட்டினார். பத்துப் பதினைந்து செல்போன் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

அவர் கிளாஸை வாங்கிக்கொண்டார். மறுக்கத் தெரியாத மனிதர், எப்போதுமே. அவர் கை நடுங்கியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். நடுங்கவில்லை. பழகிய பிடியில் கிளாஸ் அப்படியே நின்றது.

பாயசத்தை யாரிடமோ கொடுத்துவிட்டுப் போய் அந்தக் கிளாஸை அவர் விரல்களிலிருந்து எடுத்தேன். மூக்கருகே கொண்டுபோனேன். கண்ணை மூடி, கம்பெனியில் லாட்டைத் திருப்பி அனுப்பும் முகத்தோடு, சவரிராயன் எனக்குக் கற்றுக் கொடுத்திருந்த ஒரு சொல்லைச் சொன்னேன்.

"பூஷொனே."

கார்க் கெட்டு ஒயினையும் கெடுத்துவிட்டது என்று அர்த்தம். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வரும். அப்படிப்பட்ட ஒயினை யாரும் குடிக்கக் கூடாது.

ஜெரார் என்னைப் பார்த்தார். தன் கிளாஸை எடுத்து ஒரே ஒரு முறை முகர்ந்தார். காகிதம் போல வெளுத்தார். "வி," என்றார். "மதாம் சொல்வது சரி. பூஷொனே."

அவ்வளவுதான். மாஞிஃபீக் என்றவர்கள் எல்லோருக்கும் உடனே அட்டைப்பெட்டி வாசனை வந்துவிட்டது. ஒருவர் முதலிலேயே சந்தேகப்பட்டாராம். ஒரு பெண்மணி மூக்கைப் பொத்திக்கொண்டார். ஐந்து கிளாஸும் பாட்டிலும் தென்னை மரத்தடியில் கவிழ்ந்தன. ஜெரார் தானே ஊற்றினார், மெதுவாக, கடைசிச் சொட்டு வரை. கர்வம் பிடித்த மனிதர், தன் மூக்கு தவறியதை எத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

சவரிராயன் என்னைப் பந்தலுக்குப் பின்னால் கூப்பிட்டார். அவர் கையில் கொட்டாமல் வைத்திருந்த ஆறாவது கிளாஸ்.

"மதாம், இதுல ஒண்ணும் கெடலியே. என் சர்வீஸ்ல இப்படி ஒரு வாசனை நான் பாத்ததில்ல."

"தெரியும்" என்றேன்.

மூன்று மணிக்குக் கலியபெருமாள் காரைக்கால் பஸ்ஸுக்குக் கிளம்பினார். வாசலில் என்னிடம் வந்து நின்றார். "எனக்கும் மூக்கு இருக்கு தையலு" என்றார்.

பிப்ரவரி 19, திங்கள்

காலை ஏழு மணிக்குக் காரைக்காலிலிருந்து போன். எடுத்தேன். "நேத்தும் நல்லபடியா ஆச்சு" என்றார். சரி என்று வைத்துவிட்டேன். பாத்திரக் கடைக்காரர் ஒரு அண்டா குறைகிறது என்கிறார்.

பிப்ரவரி 20, செவ்வாய்

பத்து மணிக்கு வாசலில் ஜெரார். கூட மதி மட்டும். சாயங்காலம் அவர்களுக்கு விமானம். முகம் கடுகடுவென்று இருந்தது. உட்காரச் சொன்னேன். எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் கணக்குப் பரீட்சைக்கு வந்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். காப்பி கொடுத்தேன். தொடவில்லை. நிதானமாகப் பேசினார்.

மதி என்னைப் பார்க்காமல் சொன்னாள். "ஒயின் நெஜமா கெட்டிருந்துதான்னு கேக்கறார்மா."

பொய்யை நீட்டிக்க எனக்கு நன்றாகத் தெரியும். பதினான்கு வருஷம் ஒரு மனிதரையே நோ மோர் ஆக்கி வைத்திருந்தவள் நான். ஆனால் அவர் முப்பத்து மூன்று வருஷம் காத்த பாட்டிலை நான் கொட்ட வைத்திருக்கிறேன். மகன் பிறந்த வருஷத்தது.

"இல்லன்னு சொல்லு" என்றேன். "கெடல. என் மூக்கு இதுவரைக்கும் பாத்ததுலயே அதுதான் நல்லது. மன்னிச்சிடச் சொல்லு. ஏன்னு நீயே சொல்லு, இந்தத் தடவையாவது முழுசா சொல்லு."

மதியின் கண் நிறைந்துவிட்டது. "அன்னிக்கி வீடியோல அவர் உயிரோட இருக்கார், ஒயின் குடிக்க மாட்டார்னு மட்டும்தான்மா சொன்னேன். மத்தத சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு." அவர் பக்கம் திரும்பிச் சொன்னாள். வெகுநேரம் சொன்னாள். பரீட்சையையும் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது, கையால் வெயிலைக் காட்டினாள்.

ஜெரார் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் மிகச் சுருக்கமாகப் பேசினார். அந்த மனிதர் சுருக்கமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அவருக்கு அப்பவே தெரியுமாம்மா. மூக்குகிட்ட வச்ச உடனே தெரிஞ்சிடுச்சாம், அது அருமையா இருக்குன்னு."

"அப்பறம் ஏன் சரின்னார்?"

மதி கேட்டாள். அவர் தன் முகத்தைத் தொட்டு, பிறகு என் முகத்தைக் காட்டினார்.

"உன் மொகத்தப் பாத்தாராம். ஒயினுக்காக யாருக்கும் மொகம் அப்படி ஆகாதாம். ஏதோ பெரிய விஷயம்னு மட்டும் புரிஞ்சிதாம். என்னன்னு இப்பத்தான் தெரியுதாம்."

கர்வம் பிடித்த மனிதர் என்று இரண்டு பக்கம் முன்னால் எழுதியிருக்கிறேன். அடிக்காமல் விடுகிறேன். எழுதினது எழுதினதாக இருக்கட்டும், படித்தால் எனக்கு உறைக்கும்.

காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு இன்னொன்று கேட்டார்.

"ஒரே ஒரு தடவதான் முகர்ந்தாராம், அதுவும் அவசரத்துல. அதுல என்னென்ன இருந்துச்சுன்னு உன்ன சொல்லச் சொல்றார்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அது அப்படியே இருந்தது. முதலில் காய்ந்த பன்னீர் ரோஜா இதழ் என்றேன், புதுசு இல்லை, புத்தகத்துக்குள் வைத்து மறந்தது. அதன் கீழே காளான். கோரைக்கிழங்கை அரைத்த அம்மி. மதி தடுமாறினாள்: "கோரைக்கிழங்குக்கு பிரெஞ்சுல என்னம்மா?" தெரியாது, வேர் என்று சொல், ஈரமான மணல், இனிப்பு என்று சொல் என்றேன். அப்புறம் கறுப்புத் தேநீர். தோல் செருப்பின் உள்பக்கம். எல்லாம் அடங்கின பிறகு, எங்கோ தூரத்தில், அன்றைக்குப் பறித்த பழம் ஒன்று, முப்பத்து மூன்று வருஷம் ஆகியும் புளிப்பு போகாமல்.

கண்ணைத் திறந்து பார்த்தபோது ஜெராரும் கண்ணை மூடியிருந்தார். மதி கடைசி வாக்கியத்தைச் சொல்லி முடித்தாள். பிறகு அவர் தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. விழுங்கினார்.